நல்ல மதிப்பெண் பெற்ற பின்னும் ஒரு தேர்வு

தேர்வில் தவறியவன் மறுபடியும் எழுதுவதில் தர்ம விசாரத்திற்கு வேலையில்லை. இடறி விழுந்தவன் எழுந்து நடப்பது இயல்பு. ஏன் எழுந்தாய் என்று அவனை ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் தேறியவன், அதுவும் ஊரார் வியந்து பாராட்டும் மதிப்பெண்ணோடு தேறியவன், "இன்னும் ஒரு முறை எழுதிப் பார்க்கிறேன்" என்று சொல்வானாகில், அச்சொல் வேறு வகையைச் சேர்ந்தது. அது முயற்சியா, பேராசையா? தன்னம்பிக்கையா, தன்மீதே கொண்ட அதிருப்தியா? கையிலிருப்பதை மதியாமையா, கைக்கு எட்டக்கூடியதை விடாமையா? வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இவை யாவும் ஒரே உருவில் தோன்றும். சொல்பவனுக்கேகூடப் பல சமயங்களில் வேற்றுமை விளங்குவதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் திருவாடிப்பூரத் தேர் ஓடும் காலமும், மருத்துவக் கல்லூரிகளுக்கான கலந்தாய்வு நடைபெறும் காலமும் பெரும்பாலும் அடுத்தடுத்தே வருகின்றன. வடம் பிடிக்க வரும் பெற்றோர் பலர் மனத்தில் பிள்ளையின் தரவரிசை எண் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும் என்பதில் ஐயமில்லை. நாச்சியார் திருமுன்பு நின்று வேண்டிக்கொள்ளும்போது என்ன கேட்பது என்றே சிலருக்குத் தெரியாமல் போகிறது. கிடைத்த இடத்திற்கு நன்றி சொல்வதா, அடுத்த ஆண்டு இதைவிட நல்லது கிடைக்க வேண்டும் என்று விண்ணப்பிப்பதா?

வத்திராயிருப்பு வட்டாரத்துக் கான்சாபுரத்தையே எடுத்துக்கொள்ளலாம். மேற்கே மலை, அதன் அடிவாரத்தில் நெல்வயலும் தென்னந்தோப்பும். அவ்வூரில் ஒரு பெண் பிள்ளை இருப்பதாகக் கொள்க. இது எடுத்துக்காட்டுக்காகவே சொல்வது. தகப்பனாருக்குச் சிறிது நிலம், அடுத்து ஒரு தம்பி. மகள் நீட் தேர்வை எழுதி, அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைக்கத் தக்க மதிப்பெண் பெற்றுவிட்டாள். தெருவே கூடி மகிழ்கிறது. அன்றிரவு சாப்பாடு முடிந்த பின் அவள், "அப்பா, இன்னும் ஒரு வருஷம் படிச்சா மெட்ராஸ் காலேஜே கிடைக்கும்ப்பா" என்கிறாள். தகப்பனார், "கெடச்சதை விடலாமா தாயி?" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போகிறார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. விவாதத்துக்கு உரிய இடம் இதுதான்.

முதலில், ஆராயப்படும் பொருளாகிய மதிப்பெண்ணின் தன்மையைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். நீட் தேர்வில் மொத்தம் 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4. தவறான விடைக்கு 1 குறையும். ஆகவே ஒரே ஒரு வினாவில் கை தவறினால் 5 மதிப்பெண் போய்விடும். இயற்பியலில் ஓர் எண்ணைத் தவறாகப் படித்ததும், அன்று காலை வயிறு சரியில்லாமல் இருந்ததும், பக்கத்து நாற்காலி ஆடிக்கொண்டிருந்ததும் எல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. அறிவின் அளவு அதில் உண்டு. அன்றைய நாளின் அளவும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டும் தராசு எவரிடமும் இல்லை.

ஆண்டுக்கு ஆண்டு வினாத்தாளும் மாறுகிறது. 2024ஆம் ஆண்டில் முழு மதிப்பெண்ணாகிய 720 பெற்றோர் பலர். 2025இல் நாடு முழுவதிலும் முதலிடம் பெற்றவரின் மதிப்பெண்ணே 686தான். அவ்வாண்டு இயற்பியல் வினாக்கள் கடினமாக இருந்தமையே காரணம். முந்திய ஆண்டில் 690 பெற்றவர், "இவ்வளவு குறைந்துபோயிற்றே" என்று வருந்தி மறுபடி எழுதி, அடுத்த ஆண்டில் 650 பெற்று முன்னிலும் மேலான வரிசையில் நிற்கக்கூடும்; இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். எனவே "இன்னும் இருபது மதிப்பெண் வேண்டும்" என்பது பொருளற்ற பேச்சு. வரிசையில் எங்கே நிற்கிறோம் என்பதே பேசத்தக்கது. அதுவோ மற்றவர்கள் எழுதுவதையும் பொறுத்தது.

இன்னொன்றும் உண்டு. மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற ஒருவர் மறுமுறை எழுதினால் அது சற்று இறங்கவே வாய்ப்பு அதிகம். பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்த பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1886இல் இவ்வியல்பை விளக்கினார். மிக உயரமானவர்களின் பிள்ளைகள் உயரமாகவே இருந்தாலும், சராசரியை நோக்கிச் சற்று இறங்கியே இருந்தனர். உச்சத்தில் நிற்கும் எந்த அளவிலும் ஓரளவு நல்லகாலத்தின் பங்கு இருக்கும். அது மறுமுறையும் அப்படியே வந்து நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஓராண்டு கூடுதலாகப் படிப்பதன் பயன் இந்த இறக்கத்தை ஈடுசெய்துவிடலாம். ஆயினும் முதன்முறை பெற்றதை நிலையான தரை என்று எண்ணி, அதன்மேல் கட்டடம் எழுப்புவது தவறு. அது தரையன்று, அலையின் மேற்பகுதியாகவும் இருக்கலாம்.

மதிப்பெண் பெற்றபின் மறுதேர்வு எழுதுவதா வேண்டாமா என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே சமயத்தில் முடிவு செய்ய நேர்ந்த நிகழ்ச்சி ஒன்று அண்மையில் நடந்தது. 2024 மே 5ஆம் நாள் நடந்த நீட் தேர்வை 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். ஜூன் 4ஆம் நாள் முடிவு வெளியாயிற்று. 67 பேர் 720க்கு 720 பெற்றிருந்தனர். சிலருடைய மதிப்பெண் 718, 719 என்று இருந்தது. கணக்கறிந்தவர்கள் உடனே திடுக்கிட்டனர். ஒரு வினாவை விட்டுவிட்டால் 716. ஒன்றைத் தவறாக எழுதினால் 715. இடையில் 718 எங்கிருந்து வரும்? சில மையங்களில் வினாத்தாள் வழங்குவதில் நேரம் வீணானதற்காக 1,563 பேருக்கு ஈட்டு மதிப்பெண் வழங்கப்பட்டது என்ற செய்தி அதன்பின்னரே தெளிவாயிற்று.

வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. ஜூன் 13ஆம் நாள், அந்த ஈட்டு மதிப்பெண் திரும்பப் பெறப்படும் என்று நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. 1,563 பேர் முன்பும் இரண்டு வழிகள் வைக்கப்பட்டன. ஈட்டு மதிப்பெண் நீங்கிய, தாமே எழுதிப் பெற்ற மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்ளலாம். அல்லது ஜூன் 23ஆம் நாள் மறுதேர்வு எழுதலாம். யோசிக்கக் கிடைத்தவை பத்து நாட்கள். 813 பேர் எழுதினர். 750 பேர் எழுத வரவில்லை. மறுதேர்வு முடிவுக்குப்பின் முழு மதிப்பெண் பெற்றோர் தொகை 67இலிருந்து 61ஆகக் குறைந்தது. கதை அத்துடனும் முடியவில்லை. இயற்பியல் வினா ஒன்றுக்கு இரண்டு விடைகளை ஏற்றது சரியா என்ற கேள்வி எழுந்தது, டெல்லி ஐ.ஐ.டி.யின் வல்லுநர்கள் ஒரு விடையே சரி என்றனர். ஜூலை மாத இறுதியில் திருத்தப்பட்ட முடிவு வந்தபோது முழு மதிப்பெண் பெற்றோர் 17 பேர் மட்டுமே. ஜூன் தொடக்கத்தில் நாட்டிலேயே முதல்வர் என்று மாலை சூட்டப்பெற்றவர்களில் பலர், தாங்கள் ஒன்றும் செய்யாமலே, ஜூலையில் அவ்விடத்தை இழந்தனர்.

இந்த 813 பேரும் 750 பேரும் எதிரெதிராகச் செய்தாலும் இரு சாராரையும் குறை கூற இயலாது. எழுதியவர்களுக்கு உரிய காரணம் இருந்தது. தேர்வறையில் அவர்களுடைய நேரம் பறிபோனது உண்மை. ஈடு செய்யப்பட்ட முறை தவறென்று தள்ளப்பட்டது. முழு நேரமும் கிடைக்கும் ஒரு தேர்வைக் கேட்பது நியாயம். எழுதாதவர்களுக்கும் காரணம் இருந்திருக்கும். ஏழு வாரங்களுக்கு முன் மூடிவைத்த புத்தகத்தைப் பத்தே நாளில் மறுபடி திறப்பது எளிதன்று. பெற்றதே தேவைக்குப் போதுமானதாகவும் இருந்திருக்கலாம். கவனிக்கத்தக்கது வேறு. மறுதேர்வு எழுதியவர்க்குப் பழைய மதிப்பெண் பின்னால் காத்துக்கொண்டிருக்கவில்லை. கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டே புதியதைக் கேட்க வேண்டியிருந்தது. முடிவின் கனம் முழுவதும் அவ்விடத்தில்தான் இருந்தது.

எல்லாத் தேர்வுகளும் இவ்வளவு கடுமையானவை அல்ல. பொறியியலுக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு 2019 முதல் ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் நடத்தப்படுகிறது. மாணவர் எழுதியவற்றுள் மேலானதே கணக்கில் கொள்ளப்படும். அங்கே மறுமுறை எழுதுவதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. நேரமும் மன அமைதியும் மட்டுமே செலவு. அதற்கு மேற்பட்ட ஜே.இ.இ. உயர்நிலைத் தேர்வையோ அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இருமுறைதான் எழுதலாம். ஐ.ஐ.டி. ஒன்றில் கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டவர் மறுபடியும் அத்தேர்வை எழுதவே கூடாது என்பதும் அங்கே விதி. ஏற்றுக்கொண்டாயானால் மறுபடி கேட்காதே என்று சட்டமே கோடு கிழித்துவிட்டது. நீட் தேர்வுக்கு அத்தகைய எண்ணிக்கை வரம்பு இல்லை. வயதின் மேல்வரம்பும் 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் கோடு கிழிக்காத இடத்தில் அவரவரே கிழித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கான்சாபுரத்துத் திண்ணையில் அமர்ந்திருக்கும் தகப்பனாருக்குத் தூக்கம் வராததன் காரணமும் அதுவே.

தமிழ்நாட்டுக்கு இக்கேள்வி புதிதன்று. 1984இல் தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத் தேர்வு வந்தது. அக்காலத்தில் பிளஸ் டூ தேர்வை மறுபடி எழுதி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ளும் வழக்கம் பரவியது. 'இம்ப்ரூவ்மெண்ட்' என்ற ஆங்கிலச் சொல் கிராமத்துப் பாட்டிமார் வாயிலும் புழங்கிற்று. "பேரன் என்ன செய்கிறான்?" என்றால் "இம்ப்ரூவ்மெண்ட் எழுதறான்" என்பார்கள், ஏதோ உத்தியோகத்தின் பெயர் போல! ஓராண்டு கூடுதலாகப் படித்தவனையும் முதன்முறை எழுதுபவனையும் ஒரே வரிசையில் நிறுத்துவது நியாயமா என்ற முறையீடும் உடன் எழுந்தது. 2005இல் மாநில அரசு நுழைவுத் தேர்வையும் இம்ப்ரூவ்மெண்ட் முறையையும் ஒருங்கே நீக்கி ஆணை பிறப்பித்தது. சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டே அதை ரத்து செய்தது. பின்னர் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக நுழைவுத் தேர்வு நீங்கிற்று. பத்தாண்டுகள் பிளஸ் டூ மதிப்பெண்ணே மருத்துவத்துக்கும் வழியாக இருந்தது. 2017இல் நீட் தேர்வு தமிழ்நாட்டின் அரசு இடங்களுக்கும் வந்து சேர்ந்தது.

அதன்பின் நேர்ந்த மாற்றத்தை ஓய்வுபெற்ற நீதியரசர் ஏ.கே. ராஜன் தலைமையிலான குழு 2021இல் எண்களால் காட்டியது. மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களுள் மறுமுறை எழுதியோரின் பங்கு 2016-17இல் நூற்றுக்கு 12.47, 2020-21இல் 71.42. அதாவது எட்டில் ஒருவராக இருந்தவர் பத்தில் எழுவராகிவிட்டனர். பள்ளியை விட்டு அந்த ஆண்டே வந்து சேர்ந்தவர்கள் சிறுபான்மையினர் ஆயினர்.

இந்த எண்ணை இருவிதமாகப் படிக்கலாம். "எல்லோரும்தான் இரண்டாம் முறை எழுதுகிறார்கள், நீயும் எழுது" என்று ஒருவர் சொல்லலாம். இந்த ஓட்டத்தில் முதன்முறை எழுதும் ஏழை மாணவன் பின்தள்ளப்படுகிறானே என்று மற்றொருவர் வருந்தலாம். இரண்டும் உண்மை. ஓராண்டு வீட்டிலிருந்து படிப்பதற்குச் சோறும் தங்குமிடமும் பயிற்சிக் கட்டணமும் வேண்டும். அவற்றைக் கொடுக்க வல்ல வீட்டுப் பிள்ளைக்கே இரண்டாம் வாய்ப்பு உண்மையில் வாய்ப்பாகிறது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020 முதல் வழங்கப்படும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இக்குறையை ஓரளவு தணித்திருக்கிறது. முழுவதும் நீக்கியது என்று சொல்வதற்கில்லை.

அப்படியானால் நல்ல மதிப்பெண் பெற்றவர் மறுபடி எழுதுவது பிறர்க்கு இழைக்கும் அநீதியா? அவ்வளவு தூரம் சொல்வது மிகை. எந்த இடமும் எவருக்கும் முன்கூட்டியே சொந்தமானதன்று. விதி அனுமதித்த வாயில் வழியே நுழைபவன் திருடனாகமாட்டான். அநீதி உண்டாகும் இடம் வேறொன்று. அதை மக்கள் அதிகம் பேசுவதில்லை. கிடைத்த இடத்தை ஏற்று, கல்லூரியில் சேர்ந்து, அந்த இடத்தின் பாதுகாப்பில் இருந்துகொண்டே அடுத்த தேர்வுக்குப் படித்து, பின்னர் அதை விட்டு விலகுவதுதான் அது. கலந்தாய்வு முடிந்தபின் காலியாகும் மருத்துவ இடத்தை வேறு எவருக்கும் கொடுக்க முடியாது. பயிற்சி ஓராண்டையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் அது வெறும் நாற்காலியாகக் கிடக்கும். பொதுமக்கள் வரிப்பணத்தில் நடக்கும் கல்லூரியில் ஒரு மருத்துவர் குறைந்து போகிறார். வரிசையில் அடுத்து நின்ற பிள்ளை அதற்குள் வேறு படிப்பில் சேர்ந்திருக்கும், அல்லது வீட்டில் அழுதுகொண்டிருக்கும். "எதற்கும் இருக்கட்டும்" என்று பிடித்து வைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைச் சாமர்த்தியம் என்று பலர் பாராட்டுகின்றனர். சத்திரத்தில் தான் உண்ணாத இலையின் முன்னே உட்கார்ந்துகொண்டு, பசித்தவனை நிற்க வைப்பதற்கு என்ன பெயரோ, அதுவே இதற்கும் பெயர்.

வைணவ மரபில் மீண்டும் மீண்டும் கேட்பது இழிவாகக் கருதப்பட்டதில்லை என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஸ்ரீமந் நாதமுனிகள் யாத்திரிகர் சிலர் பாடக் கேட்டது ஒரு பதிகமே. அதன் முடிவில் அது ஆயிரத்தில் ஒரு பகுதி எனக் குறிப்பிருந்தது. கேட்ட பதிகமே அமுதமாக இருந்தும் அவர் "இது போதும்" என்று அமர்ந்துவிடவில்லை. எஞ்சியதைத் தேடித் திருக்குருகூர் வரை சென்று, மதுரகவியாழ்வாரின் சிறிய பிரபந்தத்தைப் பன்னீராயிரம் முறை ஓதினார் என்றும், ஆயிரத்தைக் கேட்டவருக்கு நாலாயிரமும் கிடைத்தன என்றும் குருபரம்பரை கூறும். எம்பெருமானார் திருக்கோட்டியூர் நம்பியிடம் ரகஸ்யார்த்தம் பெறத் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்தார். பதினேழு முறை வெறுங்கையோடு திரும்பியதை அவர் அவமானமாகக் கொள்ளவில்லை. ஆகவே போதுமென்ற மனம் என்னும் பேச்சை எல்லா இடத்திலும் கொண்டுவந்து வைப்பது பொருந்தாது. மேலும் வேண்டும் என்ற வேட்கையே குற்றமாயின் நாலாயிரம் இன்று நமக்குக் கிடைத்திராது.

ஆனால் அவர்கள் தேடியது எது என்று பார்க்க வேண்டும். நாதமுனிகள் தமக்கு முன்பு எவரோ பெற்ற எண்ணிக்கையை விஞ்சுவதற்காகப் பன்னீராயிரம் உரு ஓதவில்லை. பதினெட்டாம் முறை பெற்ற பொருளை எம்பெருமானார் தமக்கென்று வைத்துக்கொள்ளவும் இல்லை. திருக்கோட்டியூரில் கூடியிருந்தார் அனைவர்க்கும் வாரி வழங்கினார். தேடிய பொருள் அவர்களை விடப் பெரிதாக இருந்தது. மறுதேர்வு எழுத நினைக்கும் பிள்ளையிடம் கேட்கத் தக்க கேள்வியும் இதிலிருந்தே கிடைக்கிறது. இன்னொரு முறை எழுதிப் பெறப்போவது என்ன? ஒரு தொழிலா, ஒரு கல்வியா, அல்லது ஒரு பெயர்ப்பலகையா?

பல் மருத்துவத்துக்கு மட்டுமே எட்டும் மதிப்பெண் பெற்று, மருத்துவமே வாழ்வெனக் கொண்ட மாணவன் மறுபடி எழுதுவது வெளிப்படையான நியாயம். தனியார் கல்லூரியில் லட்சக்கணக்கில் கட்டணம் கட்ட வேண்டிய நிலையில், சில மதிப்பெண் கூடினால் ஆயிரக்கணக்கில் முடியும் அரசு இடம் கிடைக்கும் என்றால், அதுவும் நியாயமே. தகப்பன் நிலத்தை விற்காமல் காப்பாற்றும் முயற்சி அது. இவற்றில் மதிப்பெண் எவ்வளவு உயர்ந்தது என்பது முக்கியமன்று. தேவையின் எல்லைக்கு அது இப்பால் நிற்கிறதா, அப்பால் நிற்கிறதா என்பதே முக்கியம்.

கான்சாபுரத்துப் பெண்ணின் நிலை அப்படிப்பட்டதன்று. அவளுக்கு அரசு இடமே கிடைக்கிறது. 1835இல் தோன்றிய சென்னை மருத்துவக் கல்லூரிக்கு உள்ள பெருமை அவள் மனத்தைக் கவர்ந்திருக்கிறது, அது குற்றமில்லை. ஆனால் 1954இல் தொடங்கிய மதுரைக் கல்லூரியிலும், 1965இல் தொடங்கிய திருநெல்வேலிக் கல்லூரியிலும் படித்தவர்கள்தாம் தென்பாண்டி நாட்டு மருத்துவமனைகளில் இத்தனை ஆண்டுகளாக நோய் தீர்த்து வருகிறார்கள். 2022 ஜனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பழைய தலைமுறைக்குக் கனவிலும் எட்டாதது. நள்ளிரவில் மூச்சுத் திணறி வரும் கிழவர், தம் நாடியைப் பிடிப்பவர் எந்தக் கல்லூரி என்று கேட்பதில்லை. சிறந்த ஆசிரியர், நிறைந்த நோயாளர் எண்ணிக்கை, மேற்படிப்புக்கு உகந்த சூழல் என்று வேற்றுமைகள் இருக்கவே செய்கின்றன. அவை ஓராண்டுக்கும், அந்த ஆண்டின் செலவுக்கும், மறுபடி கிடைக்காமலே போகக்கூடிய அபாயத்துக்கும் ஈடாகுமா என்று எடை போட வேண்டும். பெரும்பாலோர்க்கு ஈடாகாது என்றே தோன்றுகிறது.

எடை போடும்போது தம்பியின் பங்கை மறப்பது வீடுகளில் வழக்கம். அக்காள் பயிற்சிக்குச் செல்லும் ஆண்டில் அவன் புதுப் புத்தகம் கேட்டால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்டா" என்பார்கள். வீட்டில் தொலைக்காட்சி ஓடாது. உறவினர் வரக் கூடாது. திருவிழாவுக்குப் போகக் கூடாது. ஒருவரின் தவத்துக்கு ஐந்து பேர் உபவாசம் இருக்கும் கணக்கு அது. தேவையின் பொருட்டு அவ்வாறு இருப்பது குடும்பத்தின் அழகு. சில மதிப்பெண் பெருமைக்காக அப்படி இருக்கச் சொல்வது வேறு.

ஜப்பான் நாட்டில் கல்லூரி நுழைவுத் தேர்வுக்காக மறுபடி ஓராண்டு படிப்பவரை 'ரோனின்' என்று அழைக்கிறார்கள். பழங்காலத்தில் தலைவனை இழந்து ஊர் ஊராகத் திரிந்த போர்வீரனுக்கு வழங்கிய பெயர் அது. பள்ளியிலும் இல்லை, கல்லூரியிலும் இல்லை, எந்த வாசலுக்கும் உரியவன் அல்லன் என்ற தனிமையை அப்பெயர் நன்றாகவே காட்டுகிறது. தோழர் எல்லாம் வெள்ளை அங்கி அணிந்து புகைப்படம் எடுத்துக்கொள்ளும்போது, அறைக்குள் அதே பழைய பாடத்தை நான்காம் முறை திருப்புவதன் பாரம் சிறிதன்று. சில இளம் உள்ளங்கள் அப்பாரத்தைத் தாங்கவே முடியாமல் போன துயரங்களையும் தமிழ்நாடு கண்டிருக்கிறது. பிள்ளை எழுத விரும்பினாலும், பெற்றோர் எழுதச் சொன்னாலும், "முடிவு எப்படி வந்தாலும் இந்த வீட்டில் உன் இடம் மாறாது" என்ற சொல் முதலில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். சொல்லாமலே தெரியும் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். பதினெட்டு வயதில் அது தெரிவதில்லை.

திருமாலையை விலக்கிய கதையை இவ்வூரில் அறியாதார் இல்லை. கோதை சூடிய மாலையில் குறை கண்ட பெரியாழ்வார், அதை ஒதுக்கி, மாசற்ற வேறொரு மாலையைக் கொண்டு சென்றார். பெருமான் அதை ஏற்காமல் முன்னையதையே வேண்டினான் என்பது வழிவழி வரும் வரலாறு. இதைக்கொண்டு மறுதேர்வே கூடாதென்று வாதிடுவது விளையாட்டாகும். அன்பின் கதையைத் தேர்வு விதியாக்குதல் தகாது. ஆயினும் இரண்டாவதாகச் செய்தது குறையற்றது என்பதாலேயே மேலானதாகிவிடும் என்னும் எண்ணத்தைச் சற்று அசைத்துப் பார்க்க அக்கதை உதவும்.

அதே ஆழ்வாரின் வாழ்வில் ஒரு தேர்வும் உண்டு. பாண்டியன் சபையில் பொற்கிழி உயரக் கட்டப்பட்டிருந்தது. நந்தவனப் பணியன்றி வேறறியாத விஷ்ணுசித்தர், "சாஸ்திரப் பயிற்சி இல்லாத யான் அங்கே சென்று என்ன பேசுவேன்?" என்று தயங்கியதாகவே சொல்வர். வடபெருங்கோயிலுடையான் பணித்ததால் சென்றார்; பேசினார்; கிழி தானே தாழ்ந்தது. யானைமேல் ஏற்றி ஊர்வலம் வரச் செய்தபின் அவர் மறுநாள் வேறொரு சபையைத் தேடிப் போகவில்லை. பொருளைக் கோயிலுக்கு ஆக்கிவிட்டு, பழைய நந்தவனத்துக்கே, பூக்குடலையோடு திரும்பினார்.

கான்சாபுரத்துத் தகப்பனாரும் மகளும் என்ன முடிவு செய்ய வேண்டும் என்று வெளியார் விதிக்க முடியாது. அவள் கேட்டது சென்னையின் பெயரையா, அங்குள்ள ஏதேனும் குறிப்பிட்ட கல்வியையா என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். பிந்தியதாயின் தகப்பனார் செவிகொடுத்துக் கேட்பது முறை. முந்தியதாயின், விருதுநகருக்கோ மதுரைக்கோ பெட்டியைக் கட்டிவிடலாம். ஐந்தரை ஆண்டுகளுக்குப் பின் முதுநிலைப் படிப்புக்கு மற்றொரு தேர்வு காத்திருக்கிறது, சென்னை அப்போதும் அங்கேயேதான் இருக்கும். எந்தப் பக்கம் முடிவு செய்தாலும், கலந்தாய்வின் சுற்றுகள் முடிவதற்கு முன் செய்துவிட வேண்டும். இடம் வேண்டாம் என்று அவள் உரிய நாளில் எழுதிக் கொடுத்தால், பட்டியலில் அவளுக்கு அடுத்த பெயருக்கு அது போய்ச் சேரும். அந்தப் பிள்ளை தருமபுரியிலோ நாகப்பட்டினத்திலோ இருக்கலாம். இடம் எவரிடமிருந்து வந்தது என்று அதற்குத் தெரியப்போவதில்லை.